வணக்கமின்மைச் சான்றிதழ்

அக்கா இறந்து இருபத்தாறு வருஷம் கழித்து அக்கா மேல் விசாரணைக் குழு வைத்தார்கள். தபாலில் வந்த கடிதத்தைப் பூட்டுக்காரர் மூன்று தடவை படித்தார். "மறைந்த அருட்சகோதரியின் வாழ்க்கை, நடத்தை, பேச்சு, பழக்கவழக்கம் ஆகியவை குறித்து விசாரிக்க வேண்டியிருப்பதால், உடன்பிறந்தவர் என்ற முறையில் தாங்கள் தவறாமல் ஆஜராகவும்" என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மையானதுதான் என்பதற்கு இன்னொரு முத்திரை.

"அக்கா என்னடி தப்பு பண்ணிட்டாங்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஒண்ணா ரெண்டா? எங்கிட்ட கேட்டிருந்தா நானே உக்காந்து எழுதிக் குடுத்திருப்பேனே!" என்றாள் மனைவி. நாத்தனார் போய்ச் சேர்ந்து கால் நூற்றாண்டு ஆகியும் அவள் மனசு ஆறவில்லை.

கடிதத்தின் பின்பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. அக்காவைப் புனிதர் ஆக்கப்போகிறார்களாம். அதற்குத்தான் இந்த விசாரணை. பூட்டுக்காரருக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா எவ்வளவு அவசரப்பட்டது என்று அவருக்கு அப்போது தெரியாது, பாவம்.

அக்கா கன்னியர் மடத்து மருத்துவமனையில் சலவை அறைக்குப் பொறுப்பாக இருந்தவள். தொற்று நோய் வந்த இரண்டு வருஷம், ஒருத்தரும் தொட மாட்டேன் என்ற படுக்கை விரிப்புகளைத் தனி ஆளாக நின்று துவைத்தாள். கை வெந்து தோல் உரிந்தது. அதைப் பற்றி யாராவது பாராட்டினால், "போய் உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுவாள். இருபது வருஷத்தில் அவளைப் பதினோரு இடத்துக்கு மாற்றினார்கள். ஒரு இடத்தில் நட்ட செடி பூக்கிறதற்குள் அடுத்த ஊருக்கு உத்தரவு வந்துவிடும். சாகிறதற்கு முந்தின வாரம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டேய், செத்த பிறகாவது என்னை ஒரே இடத்துல கிடக்க விடச் சொல்லு. இனிமே என்னால மூட்டை கட்ட முடியாது."

சரி என்று தம்பி வாக்குக் கொடுத்தார். சலவை அறைக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிகளைத் தாண்டி, மடத்துக் கல்லறைத் தோட்டம். அங்கே சிலுவைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பணிவாம். அக்கா பதினேழு. சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த வாரம் யார் யார் சாவியைத் தொலைத்தார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வருவார். இருபத்தாறு வருஷமாக இதில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

விசாரணை, மடத்தின் பழைய இஸ்திரி அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் குழுத் தலைவர். ஒல்லியான பாதிரியார். திருச்சபைச் சட்டத்தில் இரண்டு பட்டம். பக்கத்தில் குண்டாக ஒரு எழுத்தர். வாயிலிருந்து விழுகிற எதையும் விடாமல் எழுதுவது அவர் வேலை. தும்மினால் தும்மல் என்று எழுதுவார்.

"மறைந்தவர் கோபப்பட்டதுண்டா?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"உண்டுங்க ஃபாதர்."

"எத்தனை தடவை?"

"எண்ணலீங்க. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

"யாரையாவது அடித்ததுண்டா?"

"என்னைத்தாங்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன்னு முதுகுல செருப்பால ஒண்ணு வச்சாங்க."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தச் செருப்பு இப்போது எங்கே?"

பூட்டுக்காரர் முழித்தார். எழுத்தர் குனிந்து அவர் காதருகில் விளக்கினார். "புனிதரோட நினைவா பாதுகாத்து வணங்குற பொருளத் திருப்பண்டம்னு சொல்வோம். அவங்க உடம்பு முதல் வகை. அவங்க பயன்படுத்துன பொருள் ரெண்டாம் வகை. ரெண்டாம் வகை மேல பட்டது மூணாம் வகை. அப்படிப் பாத்தா உங்க முதுகு மூணாம் வகைங்க."

அன்று முழுக்கப் பூட்டுக்காரர் நாற்காலியில் சாயாமலே உட்கார்ந்திருந்தார்.

பதிவேட்டில் எழுத்தர் எழுதியதை வாசித்துக் காட்டினார்: "மறைந்தவர் கல்வியின் மீது கொண்ட தீராத ஆர்வத்தால், தம் கையில் கிடைத்த எளிய கருவியைக்கொண்டு தம்பியை நல்வழிப்படுத்தினார்." கேட்கக் கேட்கப் பூட்டுக்காரருக்கே அது வேறு யாருடைய அக்காவோ என்று தோன்றியது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்மைப் பற்றி ஒரு சந்தேகம். உறவினரைப் பற்றி ஒருவர் நல்லது சொன்னால் சுயநலம். கெட்டது சொன்னால் பொறாமை. ஒன்றுமே சொல்லாவிட்டால் எதையோ மறைக்கிறார். முப்பது வருஷ அனுபவத்தில் நான்காவது வகை மனிதரை நான் பார்த்ததில்லை. நீர் இதில் எது என்று இன்னும் பிடிபடவில்லை. நாளைக்கும் வாரும்."

மறுநாள் கேள்விகள் அக்காவை விட்டுவிட்டு அவர் மேல் திரும்பின.

"சனிக்கிழமைதோறும் பதினேழாம் எண் கல்லறைக்குப் போகிறீராமே?"

"ஆமாங்க."

"அங்கே முழங்கால் போட்டதுண்டா?"

"மூட்டு வலிங்க. மடக்கினா எழுந்திரிக்க ஆள் வேணும்."

"கைகளைக் குவித்ததுண்டா?"

"கொசு அடிப்பேன்."

"ஒரு கொசுவா, பல கொசுக்களா? அடித்த பிறகு கைகள் எவ்வளவு நேரம் குவிந்தபடியே இருக்கும்?"

பூட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "ஃபாதர், எங்க அக்காவைப் புனிதர் ஆக்கணும்னு நீங்கதானே சொல்றீங்க? நான் கும்பிட்டா என்ன தப்பு?"

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அனுமதி வருவதற்கு முன்னால் ஒருவருக்குப் பொது வணக்கம் செலுத்தப்பட்டிருந்தால் அவர் கோப்பு அன்றோடு மூடப்படும்! அப்படி எந்த வணக்கமும் நடக்கவில்லை என்று நான் சான்றிதழ் தர வேண்டும். கேட்டுக்கொள்ளும். மக்கள் மறைந்தவரைத் தேடி அலை அலையாகத் திரண்டு வர வேண்டும். அது அவருடைய புகழுக்குச் சான்று. ஆனால் ஒருவர்கூட வந்திருக்கக் கூடாது. அது அவர்களுடைய கீழ்ப்படிதலுக்குச் சான்று. இரண்டையும் நிரூபிக்க வேண்டும். அதற்குத்தான் குழு. சாதாரண மக்களிடம் விட்டால் நல்லவரைப் பார்த்தவுடன் கும்பிட்டுவிடுகிறார்கள். அவர் நல்லவர் என்று நாங்கள் இன்னும் தீர்மானிக்கவே இல்லையே!"

தண்ணீர் குடித்துவிட்டு, போகிற போக்கில் அடுத்ததையும் சொன்னார். சான்றிதழ் கையெழுத்தானதும் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை எடுத்துத் தலைநகரத்துப் பேராலயத்தில் பளிங்கு மேடைக்குள் வைப்பார்கள். சின்ன எலும்புகளை மட்டும் பிரித்து நாற்பத்திரண்டு கிளை மடங்களுக்கு அனுப்புவார்கள்.

பூட்டுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பதினோரு ஊர் போதாதென்று இன்னும் நாற்பத்திரண்டா? அதுவும் துண்டு துண்டாகவா?

"அவங்கள இங்கேயே விட்டுடக் கூடாதா? அக்கா எங்கிட்ட கேட்டுக்கிட்டாங்க, ஃபாதர்."

"எழுத்து மூலமாகவா?"

"வாயால சொன்னாங்க."

"சாட்சி?"

"நானும் அவங்களும்தான்."

"இருவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள். செல்லாது."

அன்றைய காகிதங்களைப் பூட்டி வைக்கும் நேரம். ரகசியப் பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவி தலைவரிடம் ஒன்று, எழுத்தரிடம் ஒன்று, மடத்துத் தலைவி மதரிடம் ஒன்று. மூன்று பேரும் சேர்ந்தால்தான் திறக்கும். மூன்று பேரும் சேர்ந்தும் திறக்கவில்லை. மதரின் சாவி உள்ளே சிக்கிக்கொண்டது. பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து இரண்டு திருகு திருகினார், பூட்டு வாயைத் திறந்துவிட்டது.

"சாவி இல்லாமல் எப்படித் திறந்தீர்?" என்றார் தலைவர்.

"அதுதாங்க என் தொழில்."

"அப்படியென்றால் இதற்கு முன்பும் திறந்திருக்கலாம்."

உதவி செய்தவர் மேல் தனியாக ஒரு கோப்பு ஆரம்பமானது. வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்த எழுத்தர், நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மனசு விட்டுடாதீங்க. போன வருஷம் வேற ஒரு ஊர்ல இதே மாதிரி கோப்பு. எல்லாம் முடிஞ்சு போற நேரத்துல கல்லறை மேல ஒரு மெழுகுவர்த்தி, படத்துல தலையைச் சுத்தி ஒரு ஒளிவட்டம். அவ்வளவுதான், கோப்ப மூடிட்டாங்க. நான் எதுவும் சொல்லல."

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார், யோசித்தார், புரிந்துகொண்டார். அக்காவைக் காப்பாற்ற வேண்டுமானால் அக்காவைக் கும்பிட வேண்டும்.

அறுபத்துமூன்று வயதில் கும்பிடுவதற்கு இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அக்கா இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கடைப் பலகைக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டில் அக்காவின் படத்துக்கு ஒளிவட்டம் வரைந்தார். வட்டம் கோணிக்கொண்டு தொப்பி மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை அதைச் சிலுவையில் சாத்தி, பன்னிரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, மூட்டு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து முழங்கால் போட்டு, ஊர் கேட்க "அக்கா! எங்களைக் காப்பாத்து!" என்று கத்தினார். அதில் நடிப்பு பாதிகூட இல்லை.

மதர் ஓடிவந்தார். எழுத்தர் ஓடிவந்தார். தலைவர் நிதானமாக வந்தார், மெழுகுவர்த்திகளை எண்ணினார், ஒளிவட்டத்தை அளந்தார், சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"பொது வணக்கம் என்றால் பொது இருக்க வேண்டும். நீர் ஒரே ஆள். தனிப்பட்ட பக்திக்குத் தடை இல்லை. வணக்கமின்மைக்கு இதனால் பாதிப்பு இல்லை. தொடர்ந்து செய்யும்."

"எத்தனை பேர் இருந்தா பொது?"

"இரண்டாவது ஆள் வந்தாலே பொதுதான்."

பூட்டுக்காரரை எழுப்பி நிறுத்த எழுத்தரும் மதரும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? மடத்துக்காரர்கள் ஒருவரும் வர மாட்டார்கள். கடைப் பக்கத்தில் கேட்டால் சிரிப்பார்கள். மிச்சம் இருந்தது மனைவி ஒருத்திதான்.

"நானா?" என்றாள் அவள். "உங்க அக்கா கால்லயா? உசிரோட இருந்தப்பவே நான் விழல. கல்யாணத்தன்னைக்கு என் புடவையப் பாத்து 'சாயம் போகும்'னு சொன்னவங்க!"

"போச்சுதானே?"

"போச்சு. அதுக்காகச் சொல்லலாமா?"

பூட்டுக்காரர் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். நாற்பத்திரண்டு மடம், சின்னச் சின்ன எலும்பு, மூட்டை கட்ட முடியாது என்று அக்கா கேட்டுக்கொண்டது. மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அஞ்சு நிமிஷம்தான். அதுக்கு மேல என்னால முடியாது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை. மடத்துக் காவல்காரர் மூலம் தகவல் போய்விட்டதால் குழு முன்கூட்டியே வந்து, காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் மறைந்து நின்றது. விரிப்புக்குக் கீழே மூன்று ஜோடிச் செருப்பு வரிசையாகத் தெரிந்தது. பூட்டுக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். சாட்சியும் தயார், கணவனும் மனைவியும் முழங்கால் போட்டாயிற்று, மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. இன்னும் ஐந்து நிமிஷம், கோப்பு மூடப்பட்டுவிடும்.

மனைவி கையைக் குவித்தாள். "அண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

அந்த ஒரு சொல்லோடு அணை உடைந்துவிட்டது.

"அண்ணி, ஒரு நாளாவது என் கையால சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்களா? 'உப்பு இருக்கு'ன்னீங்க. உப்பு இருக்குன்னா என்ன அர்த்தம்? என் பொண்ணுக்கு ஜுரம் வந்தப்ப ராத்திரி பூரா மடியில போட்டுக்கிட்டு உக்காந்தீங்க, சரி, யார் இல்லைன்னா? காலையில எழுந்து 'உனக்குப் பிள்ளை வளக்கத் தெரியல'ன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அது நியாயமா? சொல்லிட்டு அந்தாண்ட போய் பொட்டுனு செத்துட்டீங்க. நான் பதில் சொல்ல வேணாமா? இருபத்தாறு வருஷமா அந்தப் பதில வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

குவித்த கை எப்போதோ பிரிந்து, சிலுவைக்கு நேரே ஆட்காட்டி விரல் ஆடிக்கொண்டிருந்தது. "அடியே, கும்பிடு, கும்பிடு" என்று பூட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். "நீங்க சும்மா இருங்க!" என்றாள். முக்கால் மணி நேரம் திட்டினாள். திட்டி முடித்து, முந்தானையால் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்தாள்.

படுக்கை விரிப்பு விலகியது. தலைவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

"அருமை! இப்படியொரு தெளிவான சாட்சியம் என் அனுபவத்தில் கிடைத்ததில்லை."

சான்றிதழ் அன்றே தயாரானது. "மறைந்தவருக்கு எந்தவிதப் பொது வணக்கமும் இல்லை என்று உறுதியளிக்கிறோம். நெருங்கிய உறவினர்கள்கூட அவரிடம் மரியாதைக் குறைவாகவே பேசுகிறார்கள்." முத்திரை விழுந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி, "நான் கெடுத்துட்டேன், இல்ல?" என்று கேட்டாள். பூட்டுக்காரர் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பு வேண்டுமே.

தோண்டும் நாள் வந்தது. தலைநகரத்திலிருந்து வண்டி வந்து வாசலில் நின்றது. உள்ளே வெல்வெட் விரித்த ஒரு பெரிய பெட்டி, நாற்பத்திரண்டு சின்னப் பெட்டிகள். இரண்டு ஆட்கள் பதினேழாம் எண்ணைத் தோண்டி, மக்கிப்போன பலகைகளை விலக்கினார்கள்.

அப்போதுதான் குழுவுக்கு ஒரு சிக்கல் தெரியவந்தது. எலும்பு இன்னாருடையதுதான் என்று ஆதாரம் வேண்டும். எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிய பதிவேடு கூரை ஒழுகி நனைந்து கூழாகிப்போயிருந்தது. அந்தக் காலத்துச் சகோதரிகள் யாராவது இருக்கிறார்களா என்று மதரிடம் கேட்டார் தலைவர். ஒருவரும் இல்லை. எல்லாரையும் இடமாற்றம் செய்துவிட்டார்கள். மதரே வந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம்.

"அப்படியானால் உறவினர்கள் இருவர் சத்தியம் செய்து அடையாளம் காட்ட வேண்டும்" என்றார் தலைவர்.

பூட்டுக்காரர் வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இடது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. அவருக்கு நாலு வயசு, அக்காவுக்குப் பத்து. அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது வழுக்கிவிட்டது. பிள்ளைக்கு அடிபடக் கூடாதென்று அக்கா அவரைக் கெட்டியாக அணைத்துக்கொண்டு தன் கையின் மேல் விழுந்தாள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். எலும்பு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"இவர் உம்முடைய சகோதரிதானா?"

பூட்டுக்காரர் மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க ஃபாதர்."

"என்ன?"

"இது எங்க அக்கா இல்ல."

"இருபத்தாறு வருஷமாக இங்கேதானே வந்து உட்கார்ந்தீர்!"

"தப்பான இடத்துல உக்காந்திருந்தேன் போல."

தலைவர் பக்கத்தில் வந்து அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். "பிறகு எதற்கு அழுகிறீர்?"

"இவங்களும் யாரோ பெத்த பொண்ணுதானேங்க."

சந்தேகம் தீராமல் தலைவர் மனைவியின் பக்கம் திரும்பினார். இவள் பொய் சொல்ல மாட்டாள் என்று அவருக்கு நிச்சயம். நாத்தனாருக்காக யார் பொய் சொல்வார்கள்? மனைவி வேதப் புத்தகத்தில் கை வைத்தாள். குழிக்குள் பார்த்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் குழிக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்க அண்ணி இல்லீங்க" என்றாள். "அவங்களா இருந்தா, நான் வந்து நின்னு இவ்வளவு நேரத்துக்கு வாயத் தொறக்காம இருப்பாங்களா?"

எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார். அதற்கு மேல் தலைவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டம் சட்டம்தான். வேறு ஒருவரின் எலும்பைத் தொட்டதற்குக் குழுவே பதில் சொல்ல வேண்டியிருக்கும். "அடையாளம் தெரியாத இந்தப் பெண்மணியை இருந்தபடியே மூடவும். இனி எக்காலத்திலும் யாரும் தோண்டக் கூடாது" என்று உத்தரவு எழுதி, முத்திரை வைத்து, அந்த முத்திரைக்கும் முத்திரை வைத்தார். வண்டி நாற்பத்து மூன்று காலிப் பெட்டிகளோடு திரும்பிப் போனது.

மண்ணைத் தள்ளி முடித்த பிறகு பூட்டுக்காரர் எழுத்தரிடம் போனார். "ஐயா, யாருமில்லாதவங்க போல. சனிக்கிழமை நான் வந்து ஒரு பூ வச்சுட்டுப் போகலாமா?"

"தாராளமா. இவங்க கோப்புலயே இல்லையே. கும்பிடுங்க, பாடுங்க, உருளுங்க, யார் கேக்கப் போறாங்க?" என்ற எழுத்தர் ஒரு அனுமதிப் படிவத்தை எடுத்து அவரே நிரப்பினார். பெயர், முகவரி, தொழில். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எழுத்தர் தலையைத் தூக்கவில்லை.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் புதுமண்ணைக் காலால் சமன்படுத்திக்கொண்டிருந்தாள்.

"உறவு இல்லைன்னு போடுங்க" என்றார்.

எழுத்தர் எழுதி, படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பூட்டுக்காரர் இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.